பரஸ்பர சம்மதத்துடன்

என் வீட்டுக்காரர் ஒரு கூடைப்பந்துக் குழுவுக்குக் கோச்சாக இருந்தார். நேற்றோடு வேலை போயிற்று. அப்படிச் சொல்லக் கூடாதாம். குழுவும் அவரும் 'பரஸ்பர சம்மதத்துடன்' பிரிந்திருக்கிறார்களாம். மேனேஜர் ஆளுயரப் பூங்கொத்தோடு வீட்டுக்கே வந்து சொன்னார். இவருடைய சம்மதத்தை எப்போது கேட்டீர்கள் என்றேன். அந்த மனிதர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

"பசங்களையே கேட்டுட்டோம்மா. கோச் வேணாம்னு நினைக்கிறவங்க கை தூக்குங்கன்னு சொன்னோம். ஜனநாயகம் பாருங்க."

ஆகா, என்ன ஜனநாயகம்! போன வருஷம் மேடையேறிக் கோப்பையைத் தூக்கியபோது குழுவின் முதலாளி யாரிடமும் ஓட்டு கேட்கவில்லை. வரிசையாகத் தோற்ற பிறகுதான் அவருக்கு அந்த ஞாபகமெல்லாம் வந்திருக்கிறது.

இவர் மட்டும் என்ன ஒழுங்கு? கல்யாணமான நாளிலிருந்து இவருக்கு வீடு என்பது இரண்டு மேட்சுக்கு நடுவே துணி மாற்றும் இடம். மகள் பிறந்தபோதும் ஆட்டம் முடிந்துதான் வந்தார். குழந்தையின் கையை விரித்துப் பார்த்துவிட்டு, "விரல் நல்ல நீளம்" என்றார். அவளோ பந்தைத் தொடவே இல்லை. குழுவின் கேப்டனைக் கட்டிக்கொண்டு அப்பாவை ஒருவழியாகச் சமாதானப்படுத்தினாள். எங்கள் மாடியில்தான் குடியிருக்கிறார்கள்.

அந்தக் கேப்டன் கை தூக்கினாரா? எனக்குத் தெரியவேண்டியது அது ஒன்றுதான். மாமனாரைத் துரத்தக் கை தூக்கியவருக்கு நான் எப்படிச் சாப்பாடு போடுவேன்?

மதியம் மாப்பிள்ளை தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் வாயெடுப்பதற்குள் இவரே கேட்டுவிட்டார்.

"கை தூக்கினீங்களா மாப்பிள்ளை?"

"இல்ல மாமா. நான் மட்டும் தூக்கல."

என் வயிற்றில் பால் வார்த்தார் மாப்பிள்ளை. இன்னொரு கரண்டி தாராளமாகவே பரிமாறினேன். இவருக்கோ வந்ததே கோபம்!

"அறிவிருக்கா உங்களுக்கு? டீமே ஒரு பக்கம், கேப்டன் மட்டும் மாமனார் பக்கமா? நாளைக்கு உங்க பேச்சை எவன் கேப்பான்? நான் சொல்லிக் குடுத்தது இதுதானா?"

வேலை போன மனிதர் பேசுகிற பேச்சா இது? தலையில் அடித்துக்கொண்டேன். திட்டிக்கொண்டே போனவர் சட்டென்று நிறுத்தினார். தன் வாயால் சொன்னது அப்போதுதான் அவருக்கே உறைத்திருக்க வேண்டும்.

"எல்லாருமா தூக்கினாங்க?"

"ஆமா மாமா."

"குட்டையனுமா?"

குட்டையன் இவர் கண்டெடுத்த பிள்ளை. இந்த உயரத்துக்குக் கூடைப்பந்து ஒரு கேடா என்று முதலாளி முகம் சுளித்தபோது, மல்லுக்கட்டிச் சேர்த்துவிட்டவர் இவர். இரண்டு வருஷம் எங்கள் முன்னறையில்தான் படுத்துக் கிடந்தான்.

மாப்பிள்ளை என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னார்.

"அவன்தான் மாமா மொதல்ல தூக்கினான்."

இவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்தார். "அவன் எப்பவுமே வேகம்தான்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். போனவர் குழாயை மூடவே இல்லை. தண்ணீர் வீணாகிறதே என்று தினமும் கத்துகிற எனக்கு இன்றைக்கு வாய் வரவில்லை. பாவிப்பயல், என்னை அம்மா என்றல்லவா கூப்பிட்டான்!