ஐஸ் பேக்டரிக்கு வாங்கிய போர்டு

1986 ஆவணியில் என் மனைவியின் தம்பி ஓர் ஐஸ் பேக்டரி முதலாளிக்கு வாக்குக் கொடுத்தான். ஐஸ் கட்டிகள் உறையும் உப்புநீர்த் தொட்டியின் குளிர்ச்சியை அளந்து, கம்ப்ரசரைத் தானே ஓடவிட்டுத் தானே நிறுத்தும் பெட்டி ஒன்று செய்து தருவதாக. தை பிறக்குமுன் அது பத்து நாள் தடங்கலின்றி ஓட வேண்டும். இல்லையென்றால் காரைக்காலில் அவன் நடத்திய ரேடியோ ரிப்பேர் கடையை மூடிவிட்டு வளைகுடாவுக்குப் போவதென்று வீட்டில் முடிவாகியிருந்தது.

எல்லாவற்றையும் தன் கையால் செய்ய நினைத்தான். செம்புத் தகட்டில் கோடு வரைந்து, அமிலத்தில் அரித்து, நாற்பது கால் பிராசசரையும் மெமரியையும் பற்றவைத்தான். ஐப்பசி முடிவதற்குள் மூன்று போர்டுகள். மூன்றும் உயிர் பெறவில்லை. ஒவ்வொன்றையும் அவன் கைவிட்ட தேதியை நான் டைரியில் குறித்தேன்.

"என்னத்தான், கருமாதிக்கா நாள் பாக்குறீங்க?"

"ஆமா மாப்ளே. மூணாவதுக்குப் பதினாறாம் நாள் வெள்ளிக்கிழமை வருது."

கார்த்திகையில் அலுவலக வேலையாக மெட்ராஸ் போன நான், கல்லூரிச் சோதனைக்கூடங்களுக்காக விற்கும் போர்டு ஒன்றை வாங்கி வந்தேன். பிராசசர், மெமரி, கிரிஸ்டல் எல்லாம் பொருத்திச் சோதித்தது. கணக்குப் போடும் வேலையை அது பார்த்துக்கொள்ளும். குளிர்ச்சியை அளக்கும் பகுதியும் கம்ப்ரசரைப் போட்டு நிறுத்தும் ரிலேயும் மட்டும் அவன் செய்தால் போதும்.

"கடையில வாங்குனதைக் காட்டி நான் செஞ்சேன்னு சொல்லணுமா?" என்றான். இரண்டு நாள் அதைத் தொடவில்லை. மூன்றாம் நாள் தொட்டான். ஒன்பது நாளில் வேலை முடிந்துவிட்டது.

மார்கழியில் பெட்டியை மாட்டினோம். வாங்கிய போர்டையும் தன் ரிலே போர்டையும் அலுமினியத் தகட்டால் மூடி, கழற்ற முடியாதபடி சுற்றிலும் ரிவெட் அடித்திருந்தான். ஏன் என்று எனக்குத் தெரிந்தது.

ஏழாம் நாள் பிற்பகல், தொட்டி சூடேறியும் கம்ப்ரசர் எழும்பவில்லை. பேக்டரி ஆபரேட்டர் அதைக் கையால் போட்டுவிட்டுச் சொல்லியனுப்பினார். நாங்கள் போனபோது முதலாளி பெட்டியருகே நின்றிருந்தார். மீனவக் கிராமமான கோட்டுச்சேரிமேட்டில் பிறந்தவர், லாஞ்சு என்னும் விசைப்படகு இரண்டு வைத்திருந்தார்.

"தொறங்க தம்பி, பாப்போம்."

திறக்க டிரில் கொண்டுவர வேண்டியிருந்தது. பதினான்கு ரிவெட். முக்கால் மணி நேரம். உள்ளே வாங்கிய போர்டு பச்சை வார்னிஷ் பூச்சுடன் புதிதாகவே இருந்தது. அதன் பக்கத்தில் இவன் செய்த ரிலே போர்டில், பூச்சில்லாத செம்புக் கோடு ஒன்றை உப்புக்காற்று தின்றிருந்தது. அதன்மேல் ஒரு கம்பித் துண்டைப் பற்றவைத்ததும் கம்ப்ரசர் தானாக ஓடியது.

முதலாளி பச்சைப் போர்டில் அச்சிட்டிருந்த கம்பெனிப் பெயரில் விரலை வைத்தார்.

"இது கடையில வாங்குனதா?"

"ஆமாங்க" என்றான் என் மைத்துனன்.

"இது?" விரல் ரிலே போர்டுக்கு நகர்ந்தது.

"நான் செஞ்சதுங்க."

"கெட்டுப்போனது?"

"அதுவும் நான் செஞ்சதுதாங்க."

ஆபரேட்டர் சிரிப்பை அடக்க வெளியே போனார். முதலாளி சிரிக்கவில்லை.

"என் லாஞ்சுல ஓடுறது லாரி இன்ஜின். அதை நானா வார்த்தேன்? இன்ஜினை வாங்கிப் போட்டதுல என்ன வெக்கம்? ஆனா ஆணி அடிச்சு மூடுனீங்க பாருங்க, அது தப்பு. நடுக்கடல்ல நின்னா எதை வச்சுத் தொறப்பீங்க? போங்க, பச்சையில இன்னொன்னு வாங்கிக் கையில வச்சுக்குங்க. பத்து நாளை நாளையிலேருந்து எண்ணுறேன்."

அன்று மாலையே என் மைத்துனன், மோட்டார் காயில் கட்டும் கடையில் வார்னிஷ் வாங்கித் தன் போர்டில் இரண்டு முறை பூசினான். மூடிக்கு நான்கு திருகாணி போட்டான்.

பத்தாம் நாள் போகி. முதலாளி சட்டைப்பையில் திருப்புளியோடு வந்து, மூடியைக் கழற்றிப் பார்த்தார்.

"ரெண்டாவது தொட்டிக்கும் ஒண்ணு போட்டுருங்க" என்றார். மூன்று திருகாணியை அவரே முடுக்கினார். நான்காவதை என் மைத்துனனிடம் நீட்டினார்.