பதினொரு போன், ஒரே ஐடி

காதர் பாய் கடைக்குள் நுழைந்த வேகத்தில் மேஜையில் இருந்த ஸ்க்ரூடிரைவர்கள் உருண்டு விழுந்தன.

"தம்பி, நம்ம பாரு சேகரு போன்ல எப்படி வந்துச்சு? நீங்கதானே குடுத்தீங்க?"

கோட்டைப்பட்டினத்தில் நான் செல்போன் சர்வீஸ் கடை வைத்து அப்போது பத்து வருடம் ஆகியிருந்தது. பார் என்றால் கடலுக்கடியில் மீன் அடைகிற பாறை. அதைக் கண்டுபிடித்தவர் பெற்ற பிள்ளையிடம்கூடச் சீக்கிரத்தில் சொல்ல மாட்டார். நாட்டுப்படகுக்காரரான காதர் பாய் வீட்டில் உலை கொதிப்பதே அந்த ஒரு பாரை நம்பித்தான். அந்த இடத்தைப் போன் மேப்பில் பாயிண்ட் போட்டு வைக்கச் சொல்லிக்கொடுத்தவன் நான். அன்று காலை அவர் போனபோது அங்கே இன்னொரு படகுக்காரரான சேகர் வலை போட்டுக்கொண்டிருந்தார்.

"சத்தியமா நான் குடுக்கல பாய். படகுல ஏறுனாலே எனக்கு வாந்தி வரும். பாரை வச்சு நான் என்ன பண்ணப்போறேன்?"

"அப்ப பறந்தா போச்சு?"

எனக்கும் அதுதான் புரியவில்லை. சேகரைக் கூப்பிட்டேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டே வந்தார்.

"நான் திருடலண்ணே. மேப்பைத் தொறந்தேன், புதுசா ஒரு பாயிண்ட் கெடந்துச்சு. போய்த்தான் பாப்பமேன்னு போனேன்."

இரண்டு போன்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பாயின் போனில் சேகருடைய நண்டு வலைப் பாயிண்டுகளும் இருந்தன. அதைப் பார்த்ததும் சேகர் முகம் செத்துப்போயிற்று. மேலே இருந்த மெயில் ஐடியைப் பார்த்தேன். இரண்டிலும் என் ஐடி.

புதுப் போனோடு வருகிறவர்களிடம் மெயில் ஐடி கேட்டால், "அதெல்லாம் நமக்கெதுக்கு, நீங்களே எதையாச்சும் போட்டுவிடுங்க" என்பார்கள். ஒவ்வொருவருக்கும் புதிதாகத் திறக்கச் சோம்பல்பட்டு என்னுடையதையே போட்டுவிடுவேன். அப்படிப் பதினொரு போன். கரைக்கு வந்து டவர் கிடைத்ததும் ஒருவர் பாயிண்ட் மற்ற பத்துப் பேருக்கும் போயிருக்கிறது.

"போனு நம்மளுது, பாரும் நம்மளுது. பாயிண்டு எங்கிட்டு இருக்கு?"

"கம்பெனி கம்ப்யூட்டர்ல பாய்."

"அது எங்கிட்டு இருக்கு?"

"தெரியல. வெளிநாட்டுல இருக்கலாம். நாலஞ்சு எடத்துலயும் வச்சிருப்பாங்க."

"அப்ப அது யாருது?"

ஐடி என் பெயரில் இருந்தது. அந்தக் கணக்குப்படி, கடலில் கால் வைக்காத நான் பதினொரு பேரின் பாருக்கும் சொந்தக்காரன். வெட்கமாக இருந்தது.

இரண்டு நாள் கடையில் வேறு வேலை பார்க்கவில்லை. பதினொரு பேரையும் தனித்தனியாக வரச் சொல்லி, அவரவர் பெயரில் ஐடி திறந்து, அவரவர் பாயிண்டை மட்டும் மாற்றிக் கொடுத்தேன். பாஸ்வேர்ட் அடிக்கும்போது சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். கடைசியில் காதர் பாய் முன்னாலேயே என் ஐடியில் இருந்த எல்லாவற்றையும் அழித்தேன்.

"அழிஞ்சிருச்சா?"

"என் போன்ல அழிஞ்சிருச்சு பாய்."

"நாலஞ்சு எடம்னீங்களே, அங்க?"

டிஸ்ப்ளே மாற்றத் தெரியும், பேட்டரி மாற்றத் தெரியும். இதற்குப் பதில் தெரியவில்லை. இன்றுவரை தெரியாது.

"சரி, சேகரு மண்டையில இருக்கே, அதை எப்படி அழிப்பீங்க?" என்று கேட்டுவிட்டு அவர் போய்விட்டார். அந்தப் பாரில் இப்போது இரண்டு படகுகள் வலை போடுகின்றன.

புதிதாகக் கடை போடுகிற தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன். பத்து நிமிடம் கூடுதலாக ஆனாலும் பரவாயில்லை, கஸ்டமர் போனில் உங்கள் ஐடியைப் போடாதீர்கள்.

காதர் பாய் இன்றும் என் கடைக்குத்தான் வருகிறார், டெம்பர் கிளாஸ் ஒட்ட மட்டும். நான் ஒட்டி முடிக்கும்வரை போனின் ஒரு முனையை விடாமல் பிடித்துக்கொண்டே நிற்பார்.