நன்றி என்று தலைப்பிட்டு வீடு விட்ட கதை

அந்த மின்னஞ்சலை எழுதியபோது சாப்பாட்டு மேசையில் அப்பா, அம்மா, நான் மூவரும் இருந்தோம். தங்கை இல்லை; வேலைக்குப் போயிருந்தாள். எதையும் பொறுமையாக வாசிக்க மாட்டாள், இல்லாததும் நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

சொல்ல வேண்டியது ஒரே விஷயம். கனடாவின் விட்பி நகரில் முதன்முதலாகச் சொந்த வீடு வாங்கியிருந்தோம். மார்க்கம் நகரில் எட்டு வருடம் வாடகைக்கு இருந்த பேஸ்மென்டை நவம்பர் முடிவில் விடுவதென்றால், அறுபது நாளுக்கு முன்பே வீட்டுக்காரருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். தவறினால் காலி வீட்டுக்கும் வாடகை.

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். ஆகவே வெளியுலகத்துக்குப் போகும் ஆங்கிலமெல்லாம் என் இலாகா. கல்லூரியில் 'அலுவலகக் கடிதம்' என்று ஒரு பாடமே எடுத்து ஏ வாங்கியவன்.

“தம்பி, எடுத்த எடுப்பில வீடு விடுறம் எண்டு எழுதாத. அந்த மனுசன் என்ன நினைக்கும்?” என்றார் அம்மா. “அவரின்ர மனுசிக்கு முழங்கால் ஒப்பரேஷன் செய்ததல்லே, சுகமோ எண்டு கேள்.”

“ஸ்னோ தள்ளுற மெஷின் சும்மா தந்தவர். அதையும் போடு,” என்றார் அப்பா.

போட்டேன். நானாகவும் இரண்டு பந்தி சேர்த்தேன். தலைப்பு: உளமார்ந்த நன்றி. ஐந்தாவதான கடைசிப் பந்தியின் நடுவில், காலத்தின் போக்கில் எங்கள் பயணம் நவம்பருக்குப் பின் விட்பி நோக்கித் திரும்ப நேரலாம் என்று நாசூக்காகச் செருகினேன். தமிழில் வாசித்துக் காட்டியபோது அப்பா கண்ணைத் துடைத்தார்.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. மனைவிக்கு முழங்கால் சுகம். நீங்கள் எவ்வளவு காலம் வேண்டுமானாலும் இருக்கலாம்.

“பாத்தீங்களா, எவ்வளவு மரியாதையான ஆள்!” என்றேன் நான்.

நவம்பர் நடுவில், வீட்டைப் பூட்டியபின் திறப்பை யாரிடம் கொடுப்பது என்று கேட்க அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். “எந்தத் திறப்பு?” என்றார். மின்னஞ்சலைத் திரும்பப் பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டுச் சொன்னார்: முதல் இரண்டு பந்தியை வாசித்ததும் மனைவி அழுதுவிட்டாராம். அதற்குப் பிறகு தானும் வாசிக்கவே இல்லையாம்.

அன்று பின்னேரம் தங்கை என் கைபேசியை வாங்கி விரலால் தள்ளிக்கொண்டே போனாள்.

“அண்ணா, சீரியஸ்லி? வீடு விடுறம் எண்டது எங்க? இது ஃபெயார்வெல் ஸ்பீச்.”

“கடைசியில இருக்கு.”

“கடைசி வரைக்கும் ஆர் போறது?”

“எழுத்து வடிவாத்தான் இருக்கு,” என்றார் அப்பா, என் பக்கம் பார்க்காமல்.

வீட்டுக்காரர் இரண்டு மாத வாடகை கேட்டிருக்கலாம். ஒன்றோடு விட்டார். டிசம்பர் முழுக்க மார்க்கத்தில் ஆளில்லாமல் கிடந்த பேஸ்மென்டுக்கு, விட்பி வீட்டின் முதல் மோட்கேஜ் தவணைக்கு மேலதிகமாக, நாங்கள் கட்டியது ஆயிரத்து எண்ணூற்றைம்பது டொலர்.