அம்மா வெட்டவிடாத நீளக் கார்டு

போன சனிக்கிழமை மகனுக்கு வாய்ப்பாட்டு அட்டை வாங்க பிரிக்பீல்ட்ஸ் போயிருந்தேன். மூன்றாம் ஆண்டு படிக்கிறான். எட்டாம் வாய்ப்பாடு என்று சொன்னாலே அவனுக்குத் தண்ணீர் தாகம் எடுத்துவிடும். கடையில் ஒரு சுவர் முழுக்க அட்டைகள். வளையம் கோத்தது, காந்தம் ஒட்டியது, தண்ணீரில் போட்டாலும் நனையாதது. எல்லாம் ஒரே அளவு.

"எதுண்ணே நல்லது?" என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

"எல்லாம் ஒன்னுதான்லா அக்கா. ஏழெட்டு எதுல பாத்தாலும் அம்பத்தாறுதான்."

அது அப்படியில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் விளக்கப் போனால் அரைமணி நேரம் ஆகும். பின்னால் ஓர் ஆன்டி பெருமூச்சு விட்டுக்கொண்டு நின்றார். காரில் வந்து உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தேன். பிளாஸ்டிக் வாசனை வந்தது. என் அட்டைகளில் மஞ்சள் வாசனை அடிக்கும். கடைக்காரரிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

அப்போது நான் பள்ளியில் ஆறாம் படிவம் முடித்துவிட்டுப் பல்கலைக்கழகக் கடிதத்துக்காகக் காத்திருந்தேன். கடிதம் வரவில்லை. காப்பார் சாலையில் ஒரு தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியர் வேலை கிடைத்தது, அதுவும் ஒரு தவணைக்குத்தான், சில மாதம். கிள்ளானில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த கையுறைத் தொழிற்சாலையில் அப்பா எனக்காக கணக்கெழுதும் கிராணி வேலை ஒன்றைச் சொல்லி வைத்திருந்தார். எனக்கோ பள்ளிக்கூடம் பிடித்துப்போயிருந்தது. பிள்ளைகள் 'டீச்சர்' என்று கூப்பிடும்போதெல்லாம் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நான் திரும்பிப் பார்த்த காலம் அது.

தலைமையாசிரியர் ஒரே நிபந்தனைதான் போட்டார். "மூனாம் ஆண்டு பிள்ளைங்க ஒன்பதாம் வாய்ப்பாடு வரைக்கும் சொல்லட்டும் டீச்சர். வேலை நீடிப்புக்கு நானே எழுதறேன்."

பள்ளியில் ஒரு வாய்ப்பாட்டு அட்டைப் பெட்டி இருந்தது. அதில் ஏழாம் வாய்ப்பாடு முழுக்கக் காணோம். ஒன்பதில் பாதியைக் கறையான் படித்து முடித்திருந்தது. நானே செய்துவிடலாம் என்று வீட்டில் தேடியபோதுதான் அம்மாவின் பிஸ்கட் டின் கண்ணில் பட்டது. வீட்டுக்கு வந்த கல்யாணக் கார்டுகள் அத்தனையும் அதில்தான் இருந்தன. கல்யாணக் கார்டைக் கிழிக்கவும் கூடாது, குப்பையில் போடவும் கூடாது என்பது அம்மாவின் சட்டம். நல்ல கெட்டி அட்டை, ஒரு பக்கம் வெள்ளை. மூலையில் தடவிய மஞ்சள்கூடப் போகவில்லை.

ஒருநாள் முழுக்கக் கெஞ்சியதில் அம்மா இறங்கி வந்தார். "வெட்டிக்க. ஆனா கத்திரிக்கோலு பொண்ணு பேருக்கும் மாப்பிள்ளை பேருக்கும் நடுவுல போகக் கூடாது. நாலு குடும்பத்துப் பாவம் நமக்கு வேணாம்."

எங்கள் ஊர்க் கல்யாணக் கார்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பெயரோடு நிற்குமா? படிப்பு, வேலை, அப்பாவின் வேலை, தாத்தா எந்த ரப்பர் தோட்டம் என்பதுவரை போகும். மாப்பிள்ளையின் பட்டம் எவ்வளவு நீளமோ என் அட்டையும் அவ்வளவு நீளம். ஒன்று தீப்பெட்டி அளவு, ஒன்று கதவு மாதிரி. ஒன்றின் ஓரம் மயில் கழுத்தாக வளைந்திருக்கும். எல்லாவற்றிலும் நீளம், ஊருக்கெல்லாம் வைத்த தலைமையாசிரியரின் மகன் கல்யாணக் கார்டுதான். பையன் வெளிநாட்டில் மூன்று பட்டம் வாங்கியவர். அதன் பின்புறம் 6 × 9 எழுதினேன். 9 × 6 மாதிரி திருப்பிப் போட்டால் வருவதையெல்லாம் விட்டுவிட்டு, இரண்டிலிருந்து ஒன்பது வரை மொத்தம் முப்பத்தாறு அட்டை. நானே மெச்சிக்கொண்டேன்.

பிள்ளைகள் இரண்டே வாரத்தில் பறந்தார்கள். அட்டையைத் தூக்குவதற்குள் பதில் வரும். முன்வரிசைத் துளசி, நான் இன்னும் மேசையிலிருந்து எடுக்காத அட்டைக்குக்கூடப் பதில் சொன்னாள். பிறவி ஆசிரியை நான் என்று அன்றைக்கு முடிவு செய்துகொண்டேன். துளசிக்கு எப்படித் தெரிகிறது என்று ஒரு விநாடி யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

தலைமையாசிரியர் வந்தார். முப்பத்தாறு அட்டைக்கும் பிசகில்லாமல் பதில் வந்தது. அவர் முகம் மலர்ந்தது. பிறகு சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் 7 × 8 என்று எழுதினார்.

வகுப்பில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில் துளசி கையைத் தூக்கினாள். "சார், டீச்சரை மயில் கார்டு காட்டச் சொல்லுங்க சார். நான் சொல்லிடறேன்."

பிள்ளைகள் ஒரு நாளும் எண்ணைப் பார்த்ததே இல்லை. நீளம், வளைவு, மஞ்சள் கறை, இவற்றைத்தான் பார்த்திருக்கிறார்கள். தலைமையாசிரியர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. "ஒரு மாசம் தரேன் டீச்சர். எல்லாத்தையும் ஒரே அளவா வெட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரே அளவாக வெட்டினால் பெயர்கள் பிரிந்துவிடும். வீட்டுக்கு வந்து அழுதேன். வேலை போய்விடும் என்று நிஜமாகவே பயந்தேன். அம்மா டின்னைத் திறந்து, அட்டைகளைத் தரையில் பரப்பி, கண்ணாடியை மாட்டிக்கொண்டார். நீதிமன்றம் கூடியது.

"இது பூச்சோங் ஜோடி. இப்ப ஆளுக்கொரு வீட்டுல இருக்காங்க. வெட்டு."

"இது?"

"ஆறு பிள்ளை பெத்தாச்சு. இனிமே கத்திரிக்கோலு என்ன பண்ணும்? வெட்டு."

"இதும்மா?"

"அம்பாங் ஜோடியா? ஆறு மாசந்தான் ஆவுது. கைய வைக்காதே. அது வந்த உறையில எழுதிக்க."

அம்மா அப்பாவின் கல்யாணக் கார்டும் நடுவில் வந்தது. அம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பாவுக்குக் கேட்கும்படி, "இத வெட்டினாலும் ஒன்னும் ஆவாது. மனுசன் எங்கயும் போக மாட்டாரு" என்றார். அப்பா பேப்பரை இறக்காமலே, "வெட்டித்தான் பாரேன்" என்றார். அம்மா வெட்டவில்லை. சத்தமில்லாமல் மடித்து டின்னின் அடியில் வைத்துவிட்டார்.

இப்படி முப்பத்தைந்து அட்டை தேறியது. தலைமையாசிரியர் மகனின் நீளக் கார்டை மட்டும் அம்மா கையில் பிடித்துக்கொண்டார். மாற்று அட்டையில் எழுதிக்கொள்கிறேன் என்றேன். "நீ எங்கயாச்சும் எழுதிக்க. இத யாரும் வெட்டக் கூடாது. அந்தப் பொண்ணு கோவிச்சுக்கிட்டு அவுங்க அம்மா வீட்டுல இருக்காளாம்." மாற்று அட்டை எழுத மறந்துபோனேன். நீளக் கார்டே பையோடு பள்ளிக்குப் போய்வந்தது.

மாதம் முடிந்தது. தலைமையாசிரியர் இந்த முறை அட்டையைத் தொடவேயில்லை. நேராகக் கரும்பலகைக்குப் போனார். ஏழெட்டு, பட்டென்று வந்தது. எட்டெட்டு, நாலேழு எல்லாம் வந்தன. கடைசியாக 6 × 9 எழுதினார். மின்விசிறிச் சத்தம் மறுபடியும் கேட்டது.

நான் செய்ததைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, இரண்டு கைகளையும் நன்றாக விரித்துக் காட்டினேன்.

"அம்பத்து நாலு!" என்று வகுப்பே கத்தியது.

அவர் திரும்பினார். என் கைகள் விரிந்தபடியே இருந்தன. "என்ன டீச்சர்?"

"சோம்பல் முறிச்சேன் சார்."

அவர் மேசைக்கு வந்து அட்டைக் கட்டை எடுத்தார். ஒரே அளவான அட்டைகளுக்கு நடுவே நீளமாய்த் துருத்திக்கொண்டிருந்ததை உருவித் திருப்பிப் பார்த்தார். மகன் பெயரும் மருமகள் பெயரும் சேர்ந்தே இருந்தன. "இத மட்டும் ஏன் வெட்டல?"

"அம்மா விடல சார்."

அவர் மூலையிலிருந்த மஞ்சளை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு கார்டைச் சட்டைப் பையில் வைத்தார். அது பாதிக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. "அம்மாவுக்கு நன்றி சொல்லுங்க" என்றார். நீடிப்புக் கடிதம் அன்றைக்கே போனது. இருபத்து மூன்று வருடமாக நான் இன்னும் டீச்சர்தான். அந்த மருமகளும் அடுத்த பொங்கலுக்குள் திரும்பி வந்துவிட்டார். தான் வெட்டவிடாததால்தான் என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அம்மா போய் நாலு வருடம் ஆகிறது. டின் என்னிடம்தான் இருக்கிறது, ஆனால் அதில் புதிதாக ஒன்றும் விழுவதில்லை. அழைப்பெல்லாம் பாட்டோடு கைப்பேசிக்கு வருகிறது. பின்பக்கம் என்று ஒன்று கிடையாது, மஞ்சள் தடவ மூலையும் கிடையாது.

காரில் உட்கார்ந்து, மகனுக்கு அனுப்பப் புது அட்டைகளைப் படம் எடுக்கப் போனேன். இடமில்லை என்றது கைப்பேசி. பழைய அழைப்புகளைத் தேடி எடுத்தேன். ஐந்து ஜோடிகள். அழிக்கவா என்று கேட்டது. ஆம் என்பதற்கு மேல் விரலைத் தொடாமல் நிறுத்தியிருந்தேன். யார் சேர்ந்திருக்கிறார்கள், யார் பிரிந்துவிட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த அம்மாவும் இல்லை. அழிக்காமலும் படம் எடுக்காமலும் வண்டியைக் கிளப்பினேன்.