கோழிக்கு நல்ல தண்ணி

விடிந்ததும் சாரதாமணி கோழிக்கூண்டைத் திறந்தாள். ஒன்றும் வெளியே வரவில்லை. மற்ற நாளில் கதவு முழுசாக விலகுவதற்குள் அவள் காலை மிதித்துக்கொண்டு ஓடுகிற கூட்டம் அது. குனிந்து பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சேவல் மல்லாந்து கிடந்தது. அதை ஒட்டி இரண்டு வெடைக்கோழிகள் இறக்கையைப் பரப்பிக்கொண்டு விறைத்திருந்தன. மிச்சமிருந்தவை வாயைப் பிளந்து மூச்சுக்குத் திணறின. தரையெல்லாம் வெள்ளையும் பச்சையுமாகக் கழிச்சல்.

வெள்ளைக் கழிச்சல் என்றால் ஒரு வளவு வீடுகளின் கோழியை மொத்தமாக வாரிக்கொண்டு போகிற சீக்கு. அதை அவள் போன கோடையிலேயே பார்த்திருக்கிறாள். இப்போது அவளைத் தூக்கிவாரிப் போட்டது சீக்கு வந்ததல்ல. தடுப்பு மருந்து குடித்த கோழிகளுக்கு வந்ததுதான்.

கெங்கவல்லியிலிருந்து ராசிபுரத்துப் பக்கம் இந்த ஊருக்குக் கட்டிக்கொடுத்தபோது, சீர் சாமானோடு ஒரு சாம்பல் நிறக் கோழியையும் கூடையில் கவிழ்த்துக்கொண்டு பஸ் ஏறியவள் அவள். கண்டக்டர் முணுமுணுத்தார். புருஷன் வீட்டில் சிரித்தார்கள். அவளுடைய கிழக்கத்திப் பேச்சுக்கும் கொஞ்ச நாள் சிரித்தார்கள். பேச்சு மாறிவிட்டது. ‘ங்க’ போடாமல் அவளுக்கு இப்போது தும்மல்கூட வராது. கோழி வம்சம் மட்டும் மாறவில்லை. கூண்டிலிருந்த அத்தனையும் அந்த ஒற்றைக் கோழியின் வழி. அதில் ஒன்று ஆதிக் கோழியை உரித்து வைத்தாற்போல அதே சாம்பல் நிறம். சாம்பி என்று கூப்பிடுவாள்.

புருஷன் தனபால் போர்வெல் வண்டியில் வடக்கே போனால் வருவது தீபாவளிக்கோ, மழைக்கு வேலை நின்றாலோதான். மகள் சுகன்யா சூரமங்கலத்தில் ரயில்வே குடியிருப்பில் இருக்கிறாள். வீட்டுக்குள் இவள் ஒரு வார்த்தை பேசினால் கொக்கென்று பதில் சொல்கிற ஜீவன் சாம்பிதான். அந்தச் சாம்பி இப்போது கூண்டு மூலையில் கழுத்தைத் திருகிக்கொண்டு, கூரையைப் பார்த்தபடி நின்றது. எல்லாம் போனாலும் போகட்டும், இது ஒன்று பிழைத்தால் போதும் என்று சாரதாமணி வாய்விட்டே சொன்னாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு மாரக்காளின் கோழிகள் குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தன. சும்மாவும் இல்லை, ஒன்றையொன்று துரத்தி விளையாடிக்கொண்டிருந்தன. சாரதாமணி கூண்டையும் குப்பையையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டு வீட்டுக் கோழிக்கும் ஒரே குப்பி மருந்து, ஒரே காலை.

போன மாசம் அந்தக் குப்பியை வாங்கி வந்தவள் அவள்தான். கால்நடை மருந்தகத்து டாக்டர் வித்யா ஐஸ் போட்டுக் கொடுத்ததை, பச்சைக் குழந்தையைப் போல பிளாஸ்க்கில் வைத்துத் தூக்கிவந்தாள். நல்ல தண்ணியில் கலந்து வைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அந்த ஊரில் தண்ணீர் இரண்டு ஜாதி. வீட்டு போர் தண்ணீர் உப்பு, குளித்தால் தலைமுடி சடை பிடிக்கும். ஊரெல்லாம் துளை போடுகிற தனபால் சொந்த வீட்டில் தோண்டியது அந்த லட்சணம். குழாயில் எப்போதாவது வருகிற காவேரிதான் நல்ல தண்ணி. அதைக் குடிக்கவும் சோறாக்கவும் தவிர வேறு எதற்கும் யாரும் தொட மாட்டார்கள்.

“கோழிக்கு எதுக்கு சாமி நல்ல தண்ணி? மனுசனுக்கே பத்துல” என்றாள் மாரக்காள் அன்றைக்கு.

“டாக்டரம்மா சொல்லியிருக்குதுங்க்கா. இதுலயும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க” என்று சிரித்துக்கொண்டே, அப்போதுதான் குழாயில் பிடித்த குடம் ஒன்றை மாரக்காள் வாசலில் இறக்கிவைத்துவிட்டு வந்தாள் சாரதாமணி. தன் கோழிகளுக்கும் அதே தண்ணீர்தான். குழாய்த் தண்ணீரில் மருந்து வாசம் குப்பென்று அடித்தது. சுத்தமான தண்ணீர் என்று அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இப்போது அவள் வேலியருகில் போய் நின்றாள். தான் பாதி ஊற்றிக்கொண்டு கொடுத்த குப்பியின் அடியில் தங்கிய வீரியத்தையெல்லாம் மாரக்காள் தன் பங்குக்கு ஊற்றிக்கொண்டாளோ என்று ஒரு நினைப்பு. நினைத்ததை அடக்கி வைக்கிற வாயா அவளுடையது?

“ஏனுங்க்கா, எம்பட கோழியெல்லாம் செத்துக் கெடக்குது. உங்குளுது மட்டும் எப்படிங்க குத்துக்கல்லாட்டம் இருக்குது? மருந்துல என்னத்தப் பண்ணுனீங்க?”

மாரக்காள் முகம் வெளுத்துப் போனது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மடியில் கனமில்லாதவள் இப்படி ஓடுவாளா? சாரதாமணிக்கு அதற்குமேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை. செத்த சேவலைச் சாக்கில் சுருட்டிக்கொண்டு மருந்தகத்துக்குப் போனாள்.

டாக்டர் வித்யா சேவலை அறுத்து இரைப்பையைப் பிரித்துக் காட்டினார். உள்பக்கம் முழுக்கச் சிவப்புச் சிவப்பாகப் புள்ளி.

“வெள்ளைக் கழிச்சலேதான்க்கா. மருந்து குடுத்தீங்கள்ல?”

“குடுத்தனுங்களே! ஐஸ் கரையறதுக்குள்ள கொண்டுபோயி, விடியக்காலம் பட்டினி போட்டு, ஒரு சொட்டு மிச்சமில்லாமக் குடிக்க வெச்சனுங்க.”

“எந்தத் தண்ணியில?”

“நல்ல தண்ணிலதானுங்க. காவேரி. குழாய்ல புடிச்ச சூட்டோட கலந்தனுங்க.”

டாக்டரின் கை அப்படியே நின்றது. கையுறையைக் கழற்றினார். 

“ப்ளீச்சிங் பவுடர் போட்ட தண்ணிக்கா அது. இந்த மருந்துல இருக்கறது உயிருள்ள கிருமி. அதைக் கோழி குடிச்சாத்தான் உடம்புல எதிர்ப்புச் சக்தி வரும். அந்தத் தண்ணியில ஊத்துன உடனே கிருமி செத்திருக்கும். உங்க கோழி குடிச்சது வெறும் தண்ணி.”

சாரதாமணி மேசையைப் பிடித்துக்கொண்டாள். “நீங்கதானுங்களே நல்ல தண்ணின்னு சொன்னீங்க?”

“நான்தான் சொன்னேன்.” டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. “எங்க சிவகங்கைப் பக்கம் நல்ல தண்ணின்னா பவுடர் போடாத கிணத்துத் தண்ணிக்கா. இங்க அது குழாய்த் தண்ணின்னு எனக்குத் தோணவே இல்ல.”

அறுத்த சேவலை டாக்டர் திரும்பச் சாக்கில் சுருட்டினார். திட்டுவதற்குக்கூட சாரதாமணிக்கு ஆள் அகப்படவில்லை. அப்புறம்தான் மாரக்காள் நினைவு வந்தது. பக்கத்து வீட்டுக் கோழிகள் அதே மருந்தில் எப்படிப் பிழைத்தன என்று கேட்டாள். எந்தத் தண்ணியில் கொடுத்தார்கள் என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும் என்றார் டாக்டர்.

வந்துவிட்ட சீக்குக்கு மருந்து கிடையாது. தெம்புக்கு ஒரு பொடி கொடுத்தார். கரைத்துச் சொட்டுச் சொட்டாகப் புகட்ட வேண்டும், உயிரோடிருப்பதைத் தனியாக வைக்க வேண்டும், செத்ததைச் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைக்க வேண்டும். பொடிக்கு எந்தத் தண்ணீரும் ஆகும் என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினார்.

வீடு வந்து சேர்ந்தபோது கூண்டில் உயிரோடிருந்தது சாம்பி மட்டும். அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். காய்ந்த சருகாட்டம் கனமே இல்லை. பொடியைக் கிண்ணத்தில் கொட்டினாள். ஒரு பக்கம் காவேரிக் குடம், இன்னொரு பக்கம் போர் தண்ணீர்த் தொட்டி. எது வேண்டுமானாலும் ஆகும் என்று தெரியும். ஆனாலும் கை எதன் பக்கமும் போகவில்லை. எதைத் தொட்டாலும் கொன்றுவிடுவோம் என்று பயம். கடைசியில் வேலியைப் பார்த்துக் கத்தினாள்.

“மாரக்கா! உங்கூட்டுத் தண்ணி கொஞ்சம் கொண்டாங்க! அன்னைக்குக் கோழிக்கு எதை ஊத்துனீங்களோ அதையே கொண்டாங்க!”

மாரக்காள் போசி நிறையத் தண்ணீரோடு வந்தாள். வந்தவள் தண்ணீரைக் கொடுக்காமல் எதிரில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

“என்னையத் திட்டிப்போடு சாமி. நீ குடுத்த குடத்த அன்னைக்கு நாங்க சோறாக்கித் தின்னுபோட்டோம். ஊட்டுல குடிக்க ஒரு சொட்டு இல்ல. உங்கிட்டச் சொல்ல வெக்கம். கோழிக்கு உப்புத்தண்ணிலதான் கலந்து வெச்சேன். வாயில்லாச் சீவனுக்கு வந்த நல்ல தண்ணியப் புடுங்கித் தின்ன பாவம், உம்பட கோழிமேல வந்து விடிஞ்சிருச்சாட்ட இருக்குது.”

சாரதாமணி போசியை வாங்கிக் கீழே வைத்தாள். காலையில் கேட்ட கேள்வி நெஞ்சில் வந்து குத்தியது. வெட்கமாக இருந்தது. அதைவிட, தன் கையாலேயே கொன்றோம் என்ற திகில் பெரிதாக இருந்தது.

“உங்க உப்புத்தண்ணிதானுங்க்கா உங்க கோழியக் காப்பாத்துச்சு. நல்ல தண்ணிதான் எம்பட கோழியக் கொன்னுருச்சு” என்றாள்.

“நல்ல தண்ணியா? நல்ல தண்ணி எப்படி சாமி கொல்லும்?” மாரக்காள் அழுகையை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்தாள். பதில் சொல்லப்போன சாரதாமணி குனிந்து மடியைப் பார்த்தாள். சாம்பியின் தலை மூச்சில்லாமல் துவண்டு அவள் முழங்கைமேல் சாய்ந்திருந்தது. பொடி கிண்ணத்தில் கரையாமலே கிடந்தது.

அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில், “நல்ல தண்ணி வந்துருச்சு, ஓடியாங்க!” என்று யாரோ கூவினார்கள். தெருவெல்லாம் குடங்கள் இடிபடுகிற சத்தம் கேட்டது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. முதலில் எழுந்தது சாரதாமணிதான். சாம்பியைச் சாக்கின்மேல் மெதுவாகக் கிடத்தினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தன் குடத்தை எடுத்துக்கொண்டு, “உங்க குடம் எங்கீங்க்கா? எந்திரிங்க. நின்னு போச்சுன்னா நாம என்னத்தக் குடிக்கறது?” என்றாள்.