லோடு வரலை

மதுரை மால் ஒன்றில் மகனுக்கு ஏர்கன் பார்க்கப் போயிருந்தேன். பெட்டியைத் திறந்ததும் எழுந்த எண்ணெய் வாசனையில், இன்று செல்போன் கடையாகிவிட்ட அப்பாவின் விருதுநகர் துப்பாக்கிக் கடைக்குள் போய் நின்றேன். பள்ளி விட்டு வந்து நான் வீட்டுப்பாடம் எழுதும் மேசைக்கு அந்தப் பக்கம், மிளகாய்க் காட்டில் பன்றி விரட்டத் தோட்டா வாங்க வரும் சம்சாரிகள் லைசென்ஸை நீட்டுவார்கள். அப்பா அதைத் திறக்காமலே, "வாங்க, வீட்ல எல்லாரும் சௌக்கியமா இருக்காகளா?" என்று கேட்டுவிட்டு, பதிலைக் கேட்பதைவிட முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். முகம் சரியில்லை என்றால், அலமாரி நிறையத் தோட்டா இருந்தாலும், "லோடு வரலைங்க, அடுத்த வாரம் பாப்போம்" என்பார்.

மழை பொய்த்த ஒரு வருஷம், வெம்பக்கோட்டைப் பக்கத்துச் சம்சாரி ஒருவரிடமும் அதையேதான் சொன்னார். அவர் தலையாட்டிவிட்டு நேரே மதுரை பஸ் ஏறினார். அங்கே பெரிய கடையில் லைசென்ஸை மட்டும் பார்த்துக் கொடுத்துவிட்டார்கள். அந்தத் தோட்டா பன்றிக்குப் போகவில்லை. மறுநாள் அவர் தன் கிணற்றடியில் கிடந்தார்.

அதன்பிறகு யாரிடம் லோடு வரலை என்று சொன்னாலும், அப்பா கடையைப் பூட்டிவிட்டு, அவரோடு பேசிக்கொண்டே பஸ் ஸ்டாண்டு வரை நடந்து, அவருடைய ஊர் பஸ்ஸில் ஏற்றி, பஸ் கிளம்பிக் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் திரும்புவார்.

"கார்டா, கேஷா மேடம்?" என்றான் கவுண்டரில் இருந்தவன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பெட்டியை மூடி வைத்துவிட்டு வந்தேன். வீட்டில் காத்திருந்த மகனிடம், "லோடு வரலைடா" என்றேன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.