மருந்து மரத்தில் ஒரு பெஞ்சு

2009 ஐப்பசியில் என் மாமனார் சிதம்பரத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொன்னார். வருவது என்றால் வாசல் வரைக்கும்தான். நான் சர்ச்சுக்குப் போகிறவன், அவர்கள் கோயிலுக்குப் போகிறவர்கள். கல்யாணத்தன்று, "உன் வூட்டுப் படி ஏறமாட்டேன்" என்று மகளிடம் சொல்லிவிட்டுப் போனவர். மூன்று வருஷம் கழித்து இப்போது பேத்தி பிறந்திருந்தாள். "வாசல்லயே நின்னு பாத்துட்டுப் போயிடறேன்" என்று போனில் சொன்னாராம். அதைச் சொல்லிவிட்டு என் மனைவி சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள்.

நிற்கிற மனிதர் ஐந்து நிமிஷத்தில் கிளம்பிவிடுவார். உட்கார்ந்தால்? ஒரு காபி குடிப்பார், குழந்தையை மடியில் வாங்குவார். எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் செம்மண்டலத்து வீட்டு வாசலில் ஒரு பெஞ்சு போட்டே தீருவது என்று குதித்தேன்.

மரம் வீட்டிலேயே இருந்தது. செம்மங்குப்பத்தில் நான் ஃபிட்டராக இருந்த ஃபேக்டரியில், கூலிங் டவருக்கு வாங்கி மிஞ்சிய பலகைகள். மழையில் கிடந்தாலும் உளுத்துப் போகாமலிருக்க அழுத்தம் கொடுத்து உள்ளே மருந்து ஏற்றிய மரம். லேசாகப் பச்சை அடிக்கும். அந்த மருந்துத் தண்ணீரின் ஈரம் காய்ந்தால்தான் பசை பிடிக்கும் என்று கோடை முழுக்க மாடியில் காயப் போட்டிருந்தேன். மூன்று பலகைகளை விளிம்போடு விளிம்பு ஒட்டினால் உட்காருமிடம். ஆணியே கிடையாது. மாமனார் சலவை வேட்டிக்காரர். ஒரு ஆணித்தலை அதைக் கிழித்தால் என் கதை கந்தல்.

அங்கேதான் புத்தி போயிற்று. எங்கள் பக்கத்தில் மரத்தைக் கண்டால் கரையான் அரிக்காமலிருக்க முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசாமல் கை நிற்காது. மருந்து குடித்த மரத்துக்கு அது எதற்கு? இருந்த உற்சாகத்தில் ஒட்டுவதற்கு முன்பே, விளிம்பையும் விடாமல், கருகருவென்று பூசினேன். பிறகுதான் பசை. சனிக்கிழமை காலை மனைவியை உட்காரச் சொன்னேன். சடக்! நடுப்பலகை தனியாகக் கழன்றது.

"எங்கப்பா உக்காந்திருந்தா..." என்றாள்.

பரங்கிப்பேட்டையில் ஃபைபர் படகு ரிப்பேர் பார்க்கும் நண்பனுக்குப் போன் போட்டேன். எபாக்ஸிப் பசை டப்பாக்களோடு மத்தியானமே வந்தான். பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டான்.

"எண்ணெ தேச்ச ஒடம்புல பிளாஸ்திரி ஒட்டுமா மச்சான்?"

மருந்துத்தூள் ஏறாமல் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, விளிம்புகளைப் புது மரம் தெரிகிறவரை இழைத்தோம், தின்னரால் துடைத்தோம். ரெசினையும் அதை இறுக வைக்கும் ஹார்டனரையும் கலந்து பூசி, கீறிய சைக்கிள் டியூபால் இறுக்கிச் சுற்றினோம். பசை ஓரமெல்லாம் முத்து முத்தாகப் பிதுங்கியது. எனக்கு விசிலடிக்கத் தோன்றியது, அடித்தேன்.

"மழக்காலம். நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் ஒருத்தரும் உக்காரக் கூடாது" என்றான் நண்பன்.

"மாமாவே நாளைக்கு சாயங்காலம்தான் வர்றாரு" என்றேன்.

ஞாயிறு காலை டியூபை அவிழ்த்து அழகு பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து மணிக்கே ஆட்டோ வந்து நின்றது. மாமனார்! பெஞ்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வேட்டியை லேசாகத் தூக்கிக்கொண்டு குனிந்தார்.

"மாமா, உக்காராதீங்க!"

தெருவே திரும்பிப் பார்த்தது. மூன்று வருஷத்தில் நான் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். அவர் முகம் கறுத்துவிட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. குழந்தையோடு மனைவி ஓடிவந்தாள்.

"பச காயலப்பா! உனக்காகத்தான் ராவும் பகலுமா செஞ்சாரு!"

"அப்ப நான் எங்கதான் உக்கார்றது?"

அவரே செருப்பைக் கழற்றினார். படியேறி உள்ளே வந்து, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, குழந்தைக்காகக் கையை நீட்டினார். வெகுநேரம் கழித்து வாசல் பக்கம் பார்த்தார்.

"அது எப்ப காயும்?"

"சாயங்காலம் ஆவும் மாமா."

"காயட்டும். உக்காந்து பாத்துட்டே போறேன்."